சாப்பாட்டு ஹாலுக்குப் போனா அம்மா காது மெஷினை கழட்டிடறாங்க, என்ன பண்றது?

கேள்வி: எங்க அம்மாவுக்கு 81 வயசு. கோவை பக்கத்துல ஒரு முதியோர் இல்லத்துல ஒரு வருஷமா இருக்காங்க. சுத்தமான இடம், நல்லாவே கவனிச்சுக்கறாங்க, அதுல குறை இல்ல. ரெண்டு காதுக்கும் மெஷின் வாங்கிக் குடுத்திருக்கோம். ரூம்ல உக்காந்து பேசினா நல்லா கேக்குது, ஆனா சாப்பாட்டு ஹாலுக்குப் போன உடனே மெஷினை கழட்டி மடியில வெச்சுக்கறாங்க, பாதி சாப்பாட்டுலயே எழுந்து வந்துடறாங்க. எடை குறைஞ்சிருக்கு. ராத்திரி தூக்கமும் இல்ல, "யாரோ இரும்பைப் போட்டு அடிக்கிறாங்க"ன்னு சொல்றாங்க. கொஞ்சம் மறதியும் ஆரம்பிச்சிருக்குன்னு டாக்டர் சொன்னார். பக்கத்து தெருவுல கல்யாண மண்டபம் வேற. மேனேஜர்கிட்ட கேட்டா, "காதே சரியா கேக்காதவங்களுக்கு சத்தம் எப்படிங்க தொந்தரவா இருக்கும், போகப் போக பழகிடும்"ங்கறார். மெஷினை மாத்தணுமா, இல்லத்தையே மாத்தணுமா?
(ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி)

பதில்: வணக்கம் சகோதரி. இப்போதைக்கு ரெண்டையும் மாத்தாதீங்க. கட்டடங்களுக்குள்ள சத்தத்தை சரி பண்றதுதான் என் தொழில், ஆஸ்பத்திரி, ஸ்கூல், முதியோர் இல்லம்னு பல இடத்துக்கு இந்த வேலையா போயிருக்கேன், அந்த அனுபவத்துல சொல்றேன், உங்க கடிதத்துல இருக்கற விவரத்தை வெச்சுப் பார்த்தா முதல்ல மாத்த வேண்டியது அந்த ஹாலோட சீலிங்கையும், ராத்திரி அங்க வேலை நடக்கற விதத்தையும்தான். அம்மா மெஷினை கழட்டறது பிடிவாதமும் இல்ல, மறதியும் இல்ல. வலிக்கற இடத்துலருந்து கையை எடுத்துக்கறாங்க, அவ்வளவுதான். அதுக்காக தயவுசெஞ்சு அவங்களை யாரும் திட்ட வேண்டாம்.

மேனேஜர் கேட்ட கேள்விக்கே முதல்ல பதில் சொல்லிடறேன், ஏன்னா அவர் கெட்ட எண்ணத்துல கேக்கல, முக்கால்வாசி பேர் அப்படித்தான் நம்பிட்டு இருக்காங்க. வயசாகி காது மங்கறப்போ ரேடியோவுல வால்யூமை குறைச்ச மாதிரி எல்லா சத்தமும் சமமா குறையறதில்ல. மெல்லிய சத்தம் காணாமப் போயிடும், பலத்த சத்தம் மட்டும் பழையபடி, சில பேருக்கு பழசை விட மோசமா வந்து இடிக்கும். உள்காதுல மயிரிழை மாதிரி செல்கள் இருக்கு, அதுல வெளி வரிசையில இருக்கறதுங்கதான் சின்ன சத்தத்தை தூக்கிக் குடுக்கறதும் பெரிய சத்தத்தை தூக்காம விடறதும், வயசுல முதல்ல சேதமாகறது பெரும்பாலும் அதுங்கதான். அதனால "கேக்கல"ங்கறதுக்கும் "தாங்கல"ங்கறதுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி சுருங்கிப் போயிடும். அம்மாகிட்ட மெதுவா பேசினா "என்ன?"ன்னு கேப்பாங்க, கொஞ்சம் சத்தமா பேசினா "ஏன் கத்தறே"ம்பாங்க, நீங்களே வீட்டுல பார்த்திருப்பீங்க. இன்னொண்ணு, முதல்ல போறது கீச்சுன்னு இருக்கற உயர்ந்த ஸ்தாயி, நம்ம பேச்சுல க், ச், த், ப் மாதிரி எழுத்துகளோட விளிம்பு எல்லாம் அங்கதான் இருக்கு, அதனால பத்து, சத்து, கத்து மூணும் காதுல ஒண்ணாவே விழும். பேசறது கேக்கும், என்ன பேசறாங்கன்னு புரியாது. பின்னாடி வேற சத்தம் சேர்ந்துட்டா சுத்தம். நமக்கெல்லாம் சுத்தி இருக்கற சத்தமும் பேசறவர் குரலும் ஒரே அளவுல இருந்தாக்கூட ஒரு மாதிரி புரிஞ்சுக்குவோம், காது மங்கினவங்களுக்கு பேச்சு அந்த சத்தத்தை விட 10 டெசிபலாவது (டெசிபல்ங்கறது சத்தத்தை அளக்கற அலகு) மேல இருக்கணும். 60 வயசு தாண்டினவங்கள்ல நாலுல ஒருத்தருக்கு மேல இப்படி பாதிக்கற அளவு காது மந்தம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, 80 தாண்டினவங்க நிறைஞ்ச உங்க இல்லத்துல அந்த ஹால்ல உக்காந்திருக்கறவங்கள்ல எத்தனை பேருக்கு இதே கஷ்டம் இருக்கும்னு மேனேஜரையே யோசிக்கச் சொல்லுங்க.

சரி, ஹாலுக்கு வருவோம். நான் பார்க்காத ஹால்தான், ஆனா இந்த மாதிரி இல்லங்கள்ல சாப்பாட்டு ஹால்னா கீழ வழவழன்னு வெட்ரிஃபைட் டைல்ஸ், சுவர்ல பாதி வரைக்கும் டைல்ஸ், மேல வெறும் சிமென்ட் பூச்சு, கிரானைட் டேபிள், எவர்சில்வர் தட்டு, கிச்சன் பக்கம் கதவே இல்லாத ஒரு திறப்பு. துடைக்க சுலபம்னு கட்டினது, ஆனா அந்த ஹால்ல சத்தத்தை உறிஞ்சறதுக்குன்னு ஒரு பொருள் கிடையாது. 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம்னு வெச்சுக்கோங்க, அதாவது சுமாரா 40க்கு 26 அடி. 25 பேர் உக்காந்து சாப்பிடறப்போ ஒரு சத்தம் எழும்பி அடங்கறதுக்கு என் கணக்குல கிட்டத்தட்ட இரண்டரை வினாடி ஆகும். வயசானவங்க பேசிக்கிட்டே சாப்பிடற இடத்துல அது 0.6லருந்து 0.8 வினாடிக்குள்ள இருக்கணும்னு நாங்க பார்ப்போம். ஒரு ஸ்பூன் விழுந்த சத்தம் அடங்கறதுக்குள்ள நாலு தட்டு சத்தம் அது மேல ஏறிடுது, அதுக்கு மேல பேச்சு, பேச்சு கேக்காததால இன்னும் சத்தமா பேச்சு. சுத்தி சத்தம் கூடினா நம்மள அறியாமலே குரலை உசத்திடுவோம், 1911லயே லொம்பார்ட்ங்கற பிரெஞ்சு காது டாக்டர் இதை எழுதி வெச்சார், அவர் பேர்லயே லொம்பார்ட் விளைவுன்னு சொல்றோம். பரிமாறறவங்க "அம்மா ரசம் வேணுமா"ன்னு கத்தறதுக்கும் இதுதான் காரணம், அவங்க சுபாவம் இல்ல.

இங்கதான் மெஷின் தோத்துப் போகுது. இப்போ வர்ற நல்ல மெஷின்ல முன்னாடி இருந்து வர்ற குரலை எடுத்து, பின்னாடி சத்தத்தை குறைக்கற வசதி இருக்கு. ஆனா எதிரொலி நிறைஞ்ச ஹால்ல சத்தம் எல்லாப் பக்கத்துலருந்தும் ஒரே மாதிரி வரும், முன்னாடி பின்னாடிங்கற வித்தியாசமே மெஷினுக்குக் கிடைக்காது. நான் சொன்ன அந்த ஹால்ல பேசறவங்க வாயிலருந்து சுமார் 60 சென்டிமீட்டர் தாண்டினாலே நேரா வர்ற குரலை விட சுவர்ல பட்டு வர்ற சத்தம்தான் ஜாஸ்தி. டேபிளுக்கு எதிர்ல உக்காந்திருக்கறவங்க ஒரு மீட்டர் தள்ளி இருக்காங்க, அப்போ எதிர்ல இருக்கறவங்க பேச்சே அம்மாவுக்கு சேதாரமாகித்தான் போய்ச் சேருது. இந்த நிலைமைல ரெண்டு லட்ச ரூபாய் மெஷின் வாங்கிக் குடுத்தாலும் ஹால்ல அதையும் கழட்டி மடியிலதான் வெப்பாங்க, அதனால மெஷின் மாத்தற பணத்தை இப்போ செலவு பண்ணிடாதீங்க. ஆனா ஒரு தடவை ஆடியாலஜிஸ்ட்கிட்ட, அதாவது காது எவ்வளவு கேக்குதுன்னு பரிசோதிச்சு மெஷினை செட் பண்றவர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, காதுல அழுக்கு அடைச்சிருக்கா, மெஷினோட சின்ன ஃபில்டர் அடைச்சிருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க, பலத்த சத்தத்துக்கு மெஷின் குடுக்கற உச்ச அளவை கொஞ்சம் இறக்கச் சொல்லுங்க, "தட்டு சத்தம் தாங்க முடியல"ன்னு அந்த வார்த்தையிலேயே சொல்லுங்க, அதை செட்டிங்ல சரி பண்ண முடியும். சாப்பாட்டு நேரத்துக்குன்னு தனி புரோகிராம் போட்டுத் தரவும் முடியும்.

இப்போ சீலிங். அதே ஹால்ல சீலிங்ல 70 சதுர மீட்டருக்கு நல்லா உறிஞ்சற பொருளை போட்டா, இரண்டரை வினாடி 0.6 வினாடிக்கு இறங்கிடும். சத்தம் நேரடியா 6 டெசிபல் குறையும், அதோட எல்லாரும் தானாவே குரலை இறக்கிடுவாங்க, அதனால நிஜத்துல அதை விட ஜாஸ்தியே குறையும். நான் சொன்ன 60 சென்டிமீட்டர் 120 ஆகிடும், அதாவது எதிர் சீட்டு அந்த வட்டத்துக்குள்ள வந்துடுது! நூறு வருஷத்துக்கு முந்தின கணக்குங்க இது, ஹார்வர்டுல ஒரு லெக்சர் ஹால்ல பேசறது யாருக்கும் புரியலன்னு 1895ல அங்க பௌதிகம் சொல்லிக் குடுத்துட்டு இருந்த வாலஸ் சபைன்கிட்ட அதை சரி பண்ணக் குடுத்தாங்க, அவர் பக்கத்து அரங்கத்துலருந்து சீட் குஷனை எல்லாம் தூக்கிட்டு வந்து ஹால்ல போட்டுப் போட்டு, சத்தம் அடங்க எவ்வளவு நேரமாகுதுன்னு ராத்திரி ராத்திரியா அளந்து கண்டுபிடிச்ச ஃபார்முலாவைத்தான் இன்னைக்கும் போடறோம். தெரிஞ்ச விஷயம், செய்யக்கூடிய விஷயம், ஆனா வயசானவங்க இருக்கற இடத்துல மட்டும் யாரும் செய்ய மாட்டேங்கறாங்க, சினிமா தியேட்டருக்கு செய்யறாங்க. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

பொருள் வாங்கறதுல ஒரு எச்சரிக்கை. "எங்ககிட்ட ஃபால்ஸ் சீலிங் இருக்கே"ன்னு மேனேஜர் சொல்லலாம். சாதாரண ஜிப்சம் போர்டு ஃபால்ஸ் சீலிங் பேச்சு சத்தத்தை உறிஞ்சாது, சிமென்ட் சீலிங்குக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. வேணுங்கறது மினரல் ஃபைபர் டைல், இல்லன்னா துணி சுத்தின 50 மில்லிமீட்டர் கிளாஸ் வூல் பேனல். கடைல ஆம்ஸ்ட்ராங் சீலிங்னு கேட்டாலே டைல் எடுத்துக் காட்டுவாங்க, ஆனா அதுலயும் மேல படற சத்தத்துல எவ்வளவை உறிஞ்சுதுன்னு காட்டற என்.ஆர்.சி.ன்னு ஒரு நம்பர் போட்டிருக்கும், 0.5ம் இருக்கு 0.9ம் இருக்கு, 0.8க்கு மேல இருக்கறதா கேளுங்க. 10 அடி உயரம்தான், ஃபேன் தொங்குது, கீழ இறக்க முடியாதுன்னா பேனலை நேரா சீலிங்லயே ஃபேனுக்கு நடுவுல நடுவுல அடிச்சுடலாம், ஒரு நாள் ரெண்டு நாள் வேலை. தூசி, பூஞ்சைன்னு பயந்தா ஆஸ்பத்திரிக்குன்னே துடைக்கற மாதிரி டைல் வருது. ஆன்லைன்ல வர்ற கருப்பு ஃபோம், முட்டை அட்டை இதையெல்லாம் மட்டும் ஒட்ட விடாதீங்க, தீப்பிடிச்சா நடக்க முடியாதவங்க இருக்கற இடம். கார்ப்பெட்டும் வேண்டாம், வாக்கர் தடுக்கும், ஈரம் பட்டா நாறும்.

சீலிங்குக்கு பணம் ஒதுக்க நாளாகும், அது வரைக்கும் காசே இல்லாம பண்றதுக்கு நிறைய இருக்கு. சாப்பிடற நேரத்துல டிவி ஆஃப். இது ஒண்ணையே நான் முதல்ல கேப்பேன், ஏன்னா மறதி ஆரம்பிச்சவங்களுக்கு டிவில பேசறவங்க யாரு, எதிர்ல பேசறவங்க யாருன்னு பிரிக்கறதே பெரிய உழைப்பு, சீரியல்ல யாராவது அழுதா இங்க யாருக்கோ என்னவோ ஆயிடுச்சுன்னு பதறுவாங்க. மிக்சியை சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாடியே ஓட்டி முடிச்சுடணும், தட்டு கழுவறதை எல்லாரும் எழுந்த பிறகு வெச்சுக்கணும், கழிவுத் தட்டு போடற தொட்டிக்குள்ள ஒரு ரப்பர் மேட். நாற்காலிக் காலுக்கு ரப்பர் புஷ், ஹார்டுவேர் கடைல சல்லிசா கிடைக்கும், டைல்ஸ் மேல நாற்காலி இழுக்கற அந்த சத்தம் மெஷின் போட்ட காதுக்கு கத்தி மாதிரி. கிரானைட் டேபிள் மேல கனமான விரிப்பு. முடிஞ்சா ரெண்டு பந்தி, 25 பேர் ஒரே நேரத்துல உக்காராம 12, 13 பேரா. அம்மாவுக்கு மட்டும் இடம் மாத்திக் குடுங்கன்னு உடனே கேளுங்க, கிச்சன் வாசல்லருந்து தள்ளி, மூலையில, முதுகு சுவர் பக்கம், முடிஞ்சா ஜன்னல் திரை இருக்கற பக்கம், எதிர்ல அவங்களுக்குப் பிடிச்ச ஒரே ஒருத்தர். எடை குறைஞ்சிருக்குன்னு எழுதியிருக்கீங்களே, அதை சாதாரணமா விட்டுடாதீங்க, டாக்டர்கிட்டயும் காட்டணும், அதே சமயம் சத்தம் தாங்காம பாதி சாப்பாட்டுல எழுந்து வந்தா எடை குறையத்தான் செய்யும்ங்கறதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, இல்லன்னா பசி எடுக்கறதுக்கு டானிக் எழுதிக் குடுத்து அனுப்பிடுவாங்க.

ராத்திரி விஷயம் வேற. ராத்திரி மெஷினை கழட்டி வெச்சுட்டுத்தானே படுக்கறாங்க, அப்புறம் எப்படி கேக்குதுன்னு தோணும். தடால்னு கதவு அடிக்கறது, கட்டிலை தள்ளறது, இதெல்லாம் தாழ்ந்த ஸ்தாயி, அந்தப் பகுதி காது வயசானாலும் ஓரளவு மிஞ்சியிருக்கும், போதாததுக்கு சுவர் வழியா தரை வழியா கட்டில் வரைக்கும் அதிர்வாவே வந்து சேரும். "இரும்பைப் போட்டு அடிக்கிறாங்க"ன்னு அம்மா சொல்றதை கற்பனைன்னு ஒதுக்காதீங்க, நிஜமாவே இரும்புதான் அடிக்குது, அனேகமா கட்டில் பக்கவாட்டுக் கம்பியை இறக்கற சத்தம், இல்லன்னா வராந்தா கடைசில இருக்கற கொலாப்சிபிள் கேட், இல்லன்னா ட்ராலி மேல ஸ்டீல் பெட்பான். தூங்கற அறைக்குள்ள ராத்திரி சராசரி 30 டெசிபல் போதும்னு உலக சுகாதார நிறுவனம் 1999ல சொன்னது, ஆஸ்பத்திரி வார்டுன்னா திடீர்னு வர்ற சத்தம்கூட 40ஐ தாண்டக் கூடாதுன்னு அதுலயே இருக்கு. அந்தத் திடீர் சத்தம்தான் முக்கியம், ஒரே சீரா ஓடற ஃபேன் யாரையும் எழுப்பாது, அமைதிக்கு நடுவுல வர்ற ஒரு "டங்" எழுப்பிடும்.

அமெரிக்காவுல ஜான் ஷ்னெல்னு ஒருத்தரும் அவர் குழுவும் 1990கள்ல நர்சிங் ஹோம்கள்ல ராத்திரி முழுக்க உக்காந்து யாரு எப்போ முழிக்கறாங்கன்னு பார்த்தாங்க, ஊழியர்கள் லைட்டைப் போட்டுட்டு வந்து டயப்பர் மாத்தறதும், அதோட சேர்ந்த சத்தமும்தான் பெரிய காரணங்கள்ல ஒண்ணுன்னு தெரிஞ்சுது. நம்ம ஊர்லயும் அதேதான், ரெண்டு மணிக்கு ஒரு ரவுண்டு, அஞ்சு மணிக்கு ஒரு ரவுண்டு, ட்யூப் லைட் பளிச்சுன்னு. படுத்த படுக்கையா இருக்கறவங்களை புண் வராம புரட்டிப் போட்டே ஆகணும், அதை நிறுத்தச் சொல்லவே கூடாது. ஆனா அம்மா நடமாடறவங்க, அவங்களை எழுப்பித்தான் பார்க்கணுமா, முழிச்சிருக்கும்போது பார்த்துக்கலாமான்னு கேட்டுப் பாருங்க. ட்ராலி சக்கரத்தை ரப்பர் சக்கரமா மாத்தறது, ட்ராலி தட்டுல ரப்பர் மேட், கதவுக்கு டோர் க்ளோசரும் சட்டத்துல ஒரு ஃபெல்ட் பட்டையும், கேட்டுக்கு கிரீஸ், தண்ணி மோட்டாரை காலைல நாலரைக்கு போடாம ஆறு மணிக்குப் போடறது, எல்லாம் ஒரு வாரத்து வேலை. பக்கத்து ரூம்ல யாருக்காவது ஏர் பெட் இருந்தா அதோட பம்ப் சுவரை தொட்டுட்டு நிக்குதான்னு பாருங்க, ஒரு துண்டு ஃபோம் மேல வெச்சாலே உறுமல் போயிடும்.

நைட் டியூட்டி பொண்ணுங்ககிட்ட கோவமா போகாதீங்க. பன்னெண்டு மணி நேர ஷிஃப்ட்டுல, பகல் டியூட்டி வர்றப்போ அந்த ஹால்ல கத்திக் கத்தி தொண்டை போனவங்க அவங்க. இந்த சத்தத்துல அவங்களும்தான் கஷ்டப்படறாங்க. போன்ல ரீல்ஸ் பார்க்கறாங்கன்னா ஒரு இயர்போன் வாங்கிக் குடுத்து அன்பா சொல்லிப் பாருங்க. அதே மாதிரி தூக்க மாத்திரை கேட்டு அவசரப்படாதீங்க, இந்த வயசுல அது தடுமாறி விழறதையும் குழப்பத்தையும் அதிகமாக்கும், சத்தத்தை குறைச்சுப் பார்த்துட்டு அப்புறமா டாக்டர்கிட்ட பேசலாம். ஆனா திடீர்னு ஒரு நாள் ரெண்டு நாள்ல குழப்பம் அதிகமானாலோ, ஒரு காது சட்டுன்னு கேக்காமப் போனாலோ அது சத்தப் பிரச்சனை இல்ல, அன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிடுங்க.

மண்டபத்துக்கு சட்டம் இருக்கு. 2000ல வந்த ஒலி மாசு விதிகள்ல ஆஸ்பத்திரின்னா என்னன்னு எழுதியிருக்கற இடத்துலயே முதியவங்களை வெச்சுப் பராமரிக்கற நிறுவனத்தையும் நர்சிங் ஹோமையும் சேர்த்திருக்காங்க, இது நிறைய இல்லம் நடத்தறவங்களுக்கே தெரியாது. ஆஸ்பத்திரி மாதிரி இடத்தைச் சுத்தி சத்தத்தை கட்டுப்படுத்தற பகுதியைத்தான் அமைதி மண்டலம்பாங்க, அங்க வரம்பு ராத்திரி 40 டெசிபல், சாதாரண குடியிருப்புப் பகுதின்னா 45. 2017 திருத்தத்துக்கு அப்புறம் அரசு தனியா அறிவிச்சாத்தான் அமைதி மண்டலம்னு எடுத்துக்குவாங்க, அதனால இல்லம் பேர்ல கலெக்டருக்கு ஒரு மனு குடுக்கச் சொல்லுங்க. அது வர்ற வரைக்கும்கூட ராத்திரி 10லருந்து காலைல 6 வரைக்கும் வெளிய ஸ்பீக்கர் போடக் கூடாது, திருவிழாவுக்குன்னு அரசு வருஷத்துல 15 நாளுக்கு மிகாம 12 மணி வரை தளர்த்தலாம், கல்யாண ரிசப்ஷன் அதுல வராது. பத்து மணி தாண்டினா 100க்கு போன் பண்ணலாம். ஆனா அதுக்கு முன்னாடி மேனேஜர் ஒரு தடவை மண்டபத்துக்காரரை நேர்ல கூட்டிட்டு வந்து காட்டறது நல்லது, ஸ்பீக்கரை திருப்பி வெச்சாலே பாதி குறையும்.

இதையெல்லாம் படிச்சுட்டு அம்மாவை ஒரு சத்தமும் இல்லாத ரூமுக்கு மாத்திடலாம்னு மட்டும் நினைக்காதீங்க. மறதி இருக்கறவங்களுக்கு எதுவுமே கேக்காம இருக்கறதும் பயம்தான். காலைல சுப்ரபாதம், வாசல் கூட்டற சத்தம், காபி ஆத்தற சத்தம், இதெல்லாம் என்ன நேரம்னு அவங்களுக்குச் சொல்ற சத்தங்கள். அவங்களா போட்டு அவங்களா நிறுத்தற ஒரு ரேடியோ ரூம்ல இருக்கட்டும். யாரோ போட்ட டிவி நாள் பூரா ஓடறதுக்கும் இதுக்கும் நிறைய தூரம்.

அடுத்த தடவை போறப்போ மதிய சாப்பாட்டு நேரத்துக்குப் போங்க, அம்மா உக்கார்ற அதே நாற்காலியில ஒரு பத்து நிமிஷம் கண்ணை மூடி உக்காந்து எந்தச் சத்தம் எங்கருந்து வருதுன்னு குறிச்சுக்கோங்க. ஐபோன் இருந்தா நியோஷ்னு ஒரு அமெரிக்க அரசு நிறுவனத்தோட இலவச சத்தம் அளக்கற ஆப் இருக்கு, நம்பகமானது, ஆண்ட்ராய்டுல வர்ற ஆப்கள் போனுக்குப் போன் மாறும், ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வெச்சுக்கலாம். சராசரி 70ஐ தாண்டினா அந்த ஹால்ல அம்மாவால பேச்சைப் புரிஞ்சுக்க முடியாது, அந்த நம்பரை மேனேஜர்கிட்ட காட்டுங்க. அப்புறம் ஹால் காலியா இருக்கறப்போ நடுவுல நின்னு ஒரு தடவை பலமா கை தட்டுங்க, அந்த சத்தம் இழுத்துக்கிட்டே போறதை அவரே கேக்கட்டும், நான் எழுதினது எல்லாத்தையும் விட அது சீக்கிரம் புரிய வெச்சுடும். முதல் மாசம் டிவி, மிக்சி நேரம், ரப்பர் புஷ், அம்மா சீட்டு, ராத்திரி ரவுண்டு, இது மட்டும் கேளுங்க. இந்த காசில்லாத விஷயத்துக்கே "பழகிடும்"னு பதில் வந்தா அப்போ வேற இல்லம் பார்க்க ஆரம்பிக்கலாம், அங்கயும் சாப்பாட்டு நேரத்துல போய்ப் பார்த்துட்டுத்தான் முன்பணம் கட்டணும். ஒத்துக்கிட்டாங்கன்னா ஹாலோட நீளம், அகலம், உயரமும், சீலிங், தரை, சுவர் தெரியற மாதிரி நாலு போட்டோவும் ஆள் யாரும் இல்லாம எடுத்து அனுப்பி வைங்க, எத்தனை பேனல் எங்க அடிக்கணும்னு கணக்குப் போட்டு எழுதறேன்.